காலைத் தூக்கினால் வயசுக்கு வந்துவிட்டதா? நாட்டுக் கடுவன் நாயின் பருவம் பற்றி

கேள்வி இது: "என் சிப்பிப்பாறை கடுவனுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. கூடப் பிறந்த இன்னொரு கடுவன் ஆறு மாதத்திலேயே காலைத் தூக்கி மூத்திரம் போகிறதாம். என்னுடையது இன்னும் பொட்டை மாதிரி குந்தித்தான் போகிறது. விதைப்பையில் ஒரு விதைதான் கைக்குத் தட்டுப்படுகிறது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தன் பொட்டைக்கு இதை விடலாமா என்று கேட்கிறார். இது பருவத்துக்கு வந்துவிட்டதா, எப்போது சேர்க்கலாம்?"

தம்பி, குந்திப் போவதைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். அந்த ஒத்தை விதைதான் கவலைப்பட வேண்டிய விஷயம், அதைக் கேள்வியின் நடுவில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். பக்கத்து ஊர்க்காரருக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள். "இப்போது முடியாது" இல்லை, "எப்போதும் முடியாது". காரணத்தைச் சொல்ல நாய் பிறந்த நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கடுவன் குட்டி பிறக்கும்போது விதைகள் பையில் இருக்காது. வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவானவை அவை. அங்கிருந்து தொடையிடுக்கில் இருக்கும் ஒரு சின்ன வழி வழியாக வெளியே வந்து பைக்குள் இறங்க வேண்டும். ஒரு தசைநார் அதற்குக் கயிறு மாதிரி வழிகாட்டுகிறது. பிறந்த மூன்று நான்கு நாளில் அந்த இடுக்கைத் தாண்டும், ஐந்து வாரத்துக்குள் பையில் வந்து உட்காரும். ஆறிலிருந்து எட்டு வாரக் குட்டியைத் தூக்கிப் பார்த்தால் பட்டாணி அளவில் இரண்டும் விரலில் உருளும். குட்டி வாங்கும்போது பல்லையும் வாலையும் பார்க்கிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. பார்க்க ஒரு நிமிடம் போதும். குட்டியை நிற்க வைத்து, பின்னாலிருந்து கையைக் கொடுத்து, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பையின் மேற்பகுதியிலிருந்து கீழே மெல்ல வருடினால் தெரிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குட்டி பயந்தாலோ குளிரில் நடுங்கினாலோ விதையைத் தாங்கும் தசை சுருங்கி, அதை மேலே இழுத்துக்கொள்ளும். இரண்டு மாதக் குட்டியை மேசையில் ஏற்றி, நான்கு பேர் சுற்றி நின்று அமுக்கினால் இரண்டு விதையும் காணாமல் போய்விடும். அதே குட்டி வீட்டில் மடியில் மல்லாந்து தூங்கும்போது பார்த்தால் இரண்டும் பையில் இருக்கும். அதனால் ஒரு தடவை தட்டுப்படவில்லை என்றதும் முடிவுக்கு வரக் கூடாது. சூடாக, நிம்மதியாக இருக்கும் நேரத்தில் மூன்று நான்கு நாள் விட்டு விட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் இந்தக் காத்திருப்புக்கும் எல்லை இருக்கிறது. ஆறு மாதம் ஆகும்போது அந்த இடுக்கு வழி இறுகிவிடும். அதற்கு மேல் இறங்கும் என்று நம்பியிருப்பதில் பயனில்லை. உங்கள் நாய்க்கு எட்டு மாதம். பையில் இல்லாத விதை இனி வராது.

"ஊசி போட்டால் இறங்கிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். எட்டு மாதத்தில் ஹார்மோன் ஊசியால் ஆகப்போவது எதுவும் இல்லை. அறுவை செய்து இழுத்துப் பையில் தைத்துவிடலாம் என்பதும் உண்டு. அப்படிச் செய்தால் பார்வைக்கு நாய் சரியாகிவிடும், அதன் ரத்தத்தில் இருக்கும் குறை அப்படியே இருக்கும். வாங்குகிறவர் கண்ணை மறைக்கிற வேலை அது. நல்ல மருத்துவர் யாரும் செய்ய மாட்டார்.

தங்கிப்போன விதை எங்கே இருக்கும்? ஒன்று தொடையிடுக்கில் தோலுக்கடியில், இல்லாவிட்டால் வயிற்றுக்குள்ளேயே. பெரும்பாலும் வலது பக்கத்து விதைதான் தங்கும், பயணத்தில் அதற்குத்தான் தூரம் அதிகம். இரண்டு இடத்திலும் ஒரே பிரச்சினை, சூடு. விந்தணு உருவாவதற்கு உடம்புச் சூட்டைவிட சில டிகிரி குறைவான இடம் வேண்டும். பை வெளியே தொங்குவதே அதற்காகத்தான். வயிற்றுக்குள் மாட்டிய விதையில் விந்தணு வளராது. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் செல்கள் சூட்டைப் பொருட்படுத்தாமல் வேலை செய்யும். எனவே இரண்டு விதையும் உள்ளே தங்கிய நாய்கூட ஆண் நாய் மாதிரியே அலையும், பொட்டை மேல் ஏறும், மற்றக் கடுவன்களோடு சண்டை போடும். குட்டி மட்டும் உண்டாகாது. ஒரு விதை பையில் இருக்கும் உங்கள் நாயோ குட்டியும் கொடுக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இந்தக் குறை பரம்பரையில் வருவது. அப்பன் வழியில் மட்டும் வருவதாக நினைப்பது நம் ஊர் நாய் வளர்ப்பவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பொட்டையிடம் விதை ஏது? அதனால் அதன் உடம்பில் இந்தக் குறை இருப்பது கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஆனால் குட்டிகளுக்குக் கடத்திக்கொண்டே இருக்கும். ஒத்தை விதைக் குட்டி பிறந்தால் அப்பனிடமும் தாயிடமும் இரண்டு பக்கமும் அந்த மரபு இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டு இனங்களில் இது கூடுதல் சிக்கல். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை எல்லாமே சில வட்டாரங்களில், சில வீடுகளில் காப்பாற்றப்பட்டு வந்தவை. நல்ல கடுவன் ஒன்று பேர் வாங்கிவிட்டால் சுற்றுவட்டாரப் பொட்டைகள் அத்தனையும் அதற்கே போகும், இரண்டு தலைமுறை கழித்து அதன் பேரனும் பேத்தியும் சேரும். 'லைன் சுத்தம்' என்று அதைப் பெருமையாகச் சொல்வோம். மறைந்திருந்த குறைகளெல்லாம் வெளியே வருவதும் அந்தச் சுத்தத்தில்தான். 2020இல் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பில் முறையான இனங்களாகப் பதிவாயின. பதிவு நல்ல விஷயம்தான், ஆனால் எந்தக் கடுவனைப் பொட்டைக்கு விடுவது என்பதை வீட்டுத் திண்ணையில் நாம்தானே முடிவு செய்கிறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உள்ளே தங்கிய விதையில் கட்டி வரும் வாய்ப்பு சாதாரண விதையைவிட ஏறத்தாழ பத்து மடங்கு. அந்தக் கட்டிகளில் ஒரு வகை பெண் ஹார்மோனைச் சுரக்கும். அப்போது கடுவனின் முலைக்காம்பு வீங்கும், இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டும், மற்ற ஆண் நாய்கள் இதைப் பொட்டை என்று நினைத்துப் பின்னால் வரும். ஆரம்பத்தில் சிரிப்பாக இருக்கும். முற்றினால் எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்வதை நிறுத்திவிடும், அப்போது காப்பாற்றுவது கஷ்டம். வயிற்றுக்குள் விதை முறுக்கிக்கொள்வதும் நடக்கும், வயிற்றுவலியில் நாய் சுருண்டு கிடக்கும்.

சரி, கால் தூக்குவதற்கு வருவோம். ஊரில் இதைத்தான் கடுவனின் வயதுக்கு வரும் அடையாளமாக வைத்திருக்கிறோம். உண்மையில் அது அவ்வளவு நம்பகமான அடையாளம் இல்லை. கால் தூக்கும் பழக்கத்துக்கான அடித்தளம் பருவ வயதில் அமைவதில்லை. பிறப்பதற்குச் சற்று முன்னும் பிறந்த கையோடும் கடுவன் குட்டியின் உடம்பில் கொஞ்ச காலம் டெஸ்டோஸ்டிரோன் ஓடும். மூளையை ஆண் மூளையாக வடிவமைப்பது அந்த ஓட்டம்தான். பிறகு அது அடங்கிவிடும். அதனால்தான் பருவத்துக்கு முன்பே காயடித்த கடுவன்கள் பலவும் பெரிதானதும் காலைத் தூக்கவே செய்கின்றன. ஆறு வாரக் குட்டிகள் விளையாட்டில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இடுப்பை ஆட்டுவதும் இந்தக் கணக்கில்தான் வரும். அதற்கும் இனச்சேர்க்கைக்கும் சம்பந்தமில்லை, அடிக்க வேண்டியதில்லை.

சிறு வயதில் கடுவன் குட்டி பொட்டை மாதிரி முழுதாகக் குந்துவதில்லை, கவனித்தீர்களா? முன்னால் சாய்ந்து, பின்னங்கால்களை நீட்டி, குதிரை நிற்பது மாதிரி நின்று போகும். பிறகு ஒரு நாள் ஒரு பின்னங்காலின் குதிகால் மட்டும் லேசாக எழும்பும். அடுத்த சில வாரங்களில் தூண், வண்டிச் சக்கரம், வேலி என்று குறி வைக்க ஆரம்பிக்கும். தடுமாறி விழுகிற நாய்களும் உண்டு. இது ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். கூட இன்னொரு வளர்ந்த கடுவன் இருந்தால் பார்த்துப் பார்த்துச் சீக்கிரம் பழகும். தனியாக வளர்கிற, சுபாவத்தில் பயந்த நாய் தாமதமாகப் பழகும். நன்றாகக் குட்டி கொடுக்கும் கடுவன்கள் சில ஆயுள் முழுக்கக் குந்தியே போவதையும் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் உண்மையான பருவம் எது? மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி விழித்துக்கொள்வதுதான் தொடக்கம். அது பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விட, அவற்றில் ஒன்று விதையின் டெஸ்டோஸ்டிரோன் செல்களையும், மற்றொன்று விந்தணுவை வளர்த்தெடுக்கும் தாதி செல்களையும் எழுப்பும். சின்ன உடம்பு நாய்களில் இது ஆறு மாதத்தில் தொடங்கிவிடும். நடுத்தர உடம்புள்ள தெரு நாய்க்கும் ஏறத்தாழ அதே கணக்கு, ஆறிலிருந்து ஒன்பது மாதம். ராஜபாளையம் மாதிரி உயரமான நாய்களில் பத்து, பன்னிரண்டு மாதம் வரை இழுக்கும். முழு வளர்ச்சி உடம்பில் பெரும்பகுதியை எட்டிய பிறகுதான் பருவம் வரும் என்பதால், பெரிய நாய்க்குத் தாமதம். ஒரே ஈத்தில் பிறந்த அண்ணன் தம்பிக்குள்ளேயே இரண்டு மாதம் முன்பின் ஆகலாம். ஆகவே கூடப் பிறந்ததோடு ஒப்பிட்டு மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றங்கள் சில இருக்கின்றன, அவற்றில் பாதியைப் பார்த்து மக்கள் நோய் என்று ஓடி வருவார்கள். குறியின் நுனியில் மஞ்சளாக, சில சமயம் பச்சை கலந்து, ஒரு துளி சீழ் மாதிரி கசியும். நாய் அதை நக்கிக்கொண்டே இருக்கும். தோலுறைக்குள் சேரும் அழுக்குச் சுரப்பு அது. துளியளவில் இருந்து, வீக்கமும் நாற்றமும் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். பிறக்கும்போது குறியும் அதன் தோலுறையும் ஒட்டியே இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் ஏற ஏறத்தான் இரண்டும் பிரியும். சில நாய்களில் அடிப்புறத்தில் ஒரு மெல்லிய நரம்பு போன்ற ஜவ்வு மட்டும் பிரியாமல் நின்றுவிடும், அப்போது குறி நீளும்போது கீழ்நோக்கி வளையும். மருத்துவர் ஒரு நொடியில் வெட்டிவிடுவார். சின்னக் குட்டியில் தோலை வலுவாகப் பின்னுக்குத் தள்ளிப் பார்ப்பது தேவையில்லாத வேலை, புண்ணாகிவிடும்.

ஒரு தடவை ஒன்பது மாத ராஜபாளையக் கடுவனை ஒருவர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். "சார், சாமான்ல ரெண்டு கட்டி வந்திருக்கு, கேன்சரா பாருங்க." நாய் வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கண்ட சந்தோஷத்தில் குதித்திருக்கிறது, தோலுறைக்குள் இரண்டு பக்கமும் எலுமிச்சங்காய் மாதிரி உருண்டு நின்றிருக்கிறது. என் மேசைக்கு வருவதற்குள் பாதி வடிந்துவிட்டது. நாய்க் குறியின் அடியில் இருக்கும் குமிழ் அது. கிளர்ச்சி வந்தால் ரத்தம் நிறைந்து பருக்கும், அடங்கினால் வடியும். பருவத்துக்கு வரும் கடுவனுக்கு அது காரணமே இல்லாமல்கூட வீங்கும். வீங்கியது வடியாமல், குறி வெளியே நீட்டியபடியே காய்ந்துபோனால்தான் அவசரம். அப்போது ஈரத்துணி சுற்றி உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வர வேண்டும். மற்றபடி ஐந்து பத்து நிமிடத்தில் தானே அடங்கிவிடும்.

அந்தக் குமிழைப் பற்றிச் சொல்லிவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாயின் குறிக்குள் ஒரு எலும்பு இருக்கிறது. அதனால் முழு விறைப்பு வருவதற்கு முன்பே உள்ளே செலுத்த முடிகிறது. உள்ளே போன பிறகுதான் குமிழ் வீங்குகிறது, பொட்டையின் தசை அதை இறுக்கிப் பிடிக்கிறது, இரண்டும் மாட்டிக்கொள்கின்றன. 'லாக்' என்று இப்போது சொல்கிறார்களே, அதுதான். கடுவன் இறங்கி, ஒரு காலைத் தூக்கிப் போட்டுத் திரும்பி, வாலும் வாலும் ஒட்டி நிற்கும். ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை நிற்கலாம். விந்து மூன்று கட்டமாக வரும். முதலில் தெளிவான நீர், பிறகு பால் மாதிரி விந்தணு நிறைந்த பகுதி, கடைசியாகப் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து தண்ணீராக நிறைய. அந்த மூன்றாவது பகுதிதான் விந்தணுவை உள்ளே தள்ளிவிடுகிறது. நாய்க்கு விந்து நீரைக் கொடுக்க உள்ள முக்கியச் சுரப்பி இந்தப் புராஸ்டேட் ஒன்றுதான். மாட்டி நிற்கும் ஜோடி மீது கல்லெறிவதும், தண்ணீர் ஊற்றுவதும், கட்டையைப் போட்டுப் பிரிப்பதும் நம் தெருக்களில் பார்க்கிற காட்சி. இழுத்தால் குறி கிழியும், பொட்டைக்கு உள்ளே காயமாகும். கருத்தரிப்பையும் தடுக்காது, ஏனென்றால் விந்தணு உள்ள பகுதி முதல் இரண்டு மூன்று நிமிடத்திலேயே உள்ளே போயிருக்கும். கல்லைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இனி விந்தணுவின் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது, கேட்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள். விதைக்குள் ஒரு விந்தணு ஆரம்ப நிலையிலிருந்து முழு வடிவம் பெற சுமார் 62 நாள் ஆகிறது. பிறகு விதையின் மேல் ஒட்டியிருக்கும் சுருள் குழாய்க்குள் இரண்டு வாரம் போல ஊர்ந்து, நீந்தக் கற்று, அந்தக் குழாயின் கடைசிப் பகுதியில் வந்து காத்திருக்கும். ஆக இன்று வெளியாகும் விந்து இரண்டரை மாதத்துக்கு முன் போட்ட உற்பத்தி. இன்றைக்கு நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்து நான்கு நாள் சூட்டில் கிடந்தால், அதன் பாதிப்பு அடுத்த இரண்டு மாதத்துக்குள் எப்போதாவது தெரியும். "போன மாசம் சேர்த்தது பிடிக்கலை, கடுவன் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்கிறவர்களிடம், அதற்கு முந்தைய மாதங்களில் காய்ச்சல் வந்ததா என்று கேட்பேன். பாதிப் பேர் யோசித்துவிட்டு ஆமாம் என்பார்கள்.

பருவம் தொடங்கி இந்த முதல் சுற்று முடிந்த பிறகே விந்தில் விந்தணு தலைகாட்டும். ஏறத்தாழ எட்டு ஒன்பது மாதத்தில். அந்த முதல் விந்தை நுண்ணோக்கியில் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். எண்ணிக்கை குறைவு, வால் சுருண்டவை, தலை கோணலானவை, ஒரே இடத்தில் சுற்றுகிறவை. வளர்ந்த கடுவனின் ஒரு தடவை விந்தில் குறைந்தது 20 கோடி விந்தணு இருக்க வேண்டும், பத்துக்கு ஏழு நேராக நீந்த வேண்டும். அந்த நிலைக்கு வர ஒன்றேகால் வயதிலிருந்து ஒன்றரை வயது ஆகும், பெரிய உடம்பு நாய்க்கு அதற்கு மேலும். ஆனால் கவனியுங்கள், எட்டு மாதக் கடுவனால் குட்டி உண்டாக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. முடியும். தெருவில் தினமும் நடக்கிறது. வீட்டில் பொட்டையும் கடுவனும் சேர்ந்து வளர்ந்தால், "இது இன்னும் குட்டி" என்ற நம்பிக்கையில் ஒரே கூண்டில் விடாதீர்கள். அண்ணன் தங்கை என்று நாய்க்குத் தெரியாது.

முடியும் என்பதற்காக விடலாமா? ஒன்றரை வயதுக்கு முன் எந்தக் கடுவனையும் விடக் கூடாது, இரண்டு வயது என்றால் இன்னும் நல்லது என்பது என் கட்சி. விந்தின் தரம் ஒரு காரணம். நீண்ட கால் எலும்புகளின் வளர்ச்சி முனைகள் மூடி, உடம்பு நிலைத்து, சுபாவம் தெளிவாகத் தெரிய அவ்வளவு காலம் ஆகும் என்பது அதைவிடப் பெரிய காரணம். பத்து மாதக் கடுவனில் நாம் பார்ப்பது பாதி நாய். வளர்ந்த பிறகு மனிதரைக் கடிக்கிறதா, வெடிச் சத்தத்துக்கு மூலையில் ஒடுங்குகிறதா, தோல் நோய் வருகிறதா என்பதெல்லாம் தெரியாமல் அதன் ரத்தத்தைப் பத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறோம். வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பது உண்டு, அதில் ஒரு காது மட்டும் கேட்காத நாய் சாதாரணமாகவே நடந்துகொள்ளும், கண்டுபிடிப்பதே கடினம். இன்னொன்று, முதல் தடவை அனுபவமுள்ள முரட்டுப் பொட்டையிடம் கடி வாங்கிய இளங்கடுவன் பிறகு பொட்டைப் பக்கமே போகாமல் ஒதுங்கிவிடும். அந்தப் பயத்தை எடுப்பது லேசில்லை.

பொட்டையின் பக்கத்தையும் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொண்டால்தான் கடுவனின் நடத்தை புரியும். பருவத்துக்கு வந்த கடுவனுக்கு மாசக் கணக்கு இல்லை, வருடம் முழுக்கத் தயார். 'புரட்டாசி மாசத்து நாய்', 'கார்த்திகை மாசத்து நாய்' என்று ஊருக்கு ஊர் மாசத்தை மாற்றித் திட்டுகிறோமே, அந்த மாசத்தைத் தீர்மானிப்பது பொட்டை. தெருப் பொட்டைகள் பலவும் மழைக்காலத்தை ஒட்டி ஒரே சமயத்தில் சூட்டுக்கு வரும், குளிர் மாதங்களில் தெருவெல்லாம் குட்டிகளாக இருக்கும். ரத்தம் கசிய ஆரம்பித்த முதல் ஒன்பது நாள் போலப் பொட்டை கடுவனை ஈர்க்கும், ஆனால் ஏற விடாது. பிறகு கசிவு வெளிறி, வாலை ஒதுக்கி நிற்கும். உங்கள் கடுவன் அந்தச் சமயத்தில் பொட்டை மூத்திரம் பெய்த இடத்தை நக்கி, வாயில் நுரை தள்ளி, தாடையைக் கடகடவென்று அடிப்பதைப் பார்க்கலாம். வலிப்பு என்று பயப்படுவார்கள். மேல் முன்பற்களுக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே வாசனையைப் படிக்கும் தனி உறுப்பு ஒன்று இருக்கிறது, அதற்குள் வாசனையை ஏற்றும் வேலை அது. அந்த வாரங்களில் சாப்பாட்டை மறக்கும், இரவில் ஊளையிடும், கதவு திறந்த இடுக்கில் ஓடிவிடும். கடுவன் நாய் வண்டியில் அடிபடுவதும் சண்டையில் காது கிழிந்து வருவதும் அதிகம் இந்த நாட்களில்தான்.

ஓடிப்போய் வருகிற கடுவன் கொண்டுவரும் நோய்களில் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். சேர்க்கையால் பரவும் ஒரு கட்டி, நம் தெரு நாய்களிடம் சாதாரணமாகப் பார்க்கலாம். இதில் ஒட்டுவது கிருமி இல்லை, புற்றுச் செல்லே ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குப் போய் ஒட்டி வளர்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாயின் உடம்பில் தோன்றிய செல்லின் வாரிசுகள் இன்றும் உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கின்றன. குறியிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் விழும், மூத்திரத்தில் ரத்தம் என்று நினைத்துச் சிறுநீரகத்துக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். தோலுறையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால் காலிஃபிளவர் மாதிரிச் சிவந்த சதை இருக்கும். நல்லவேளையாக, வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி என்று நாலைந்து வாரம் போட்டால் பெரும்பாலும் முழுதாகக் கரைந்துவிடும். ஊசியை நடுவில் நிறுத்தக் கூடாது. சேர்க்கைக்கு விடுகிற கடுவனுக்கு புரூசெல்லா ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். விதையின் சுருள் குழாயில் வீக்கம், பொட்டைக்குக் கருச்சிதைவு என்று வரும் அந்த நோய் மனிதருக்கும் தொற்றும்.

உங்கள் நாய்க்கு இனி என்ன செய்வது? முதலில் தொடையிடுக்கை விரலால் தடவிப் பாருங்கள், பைக்கும் தொப்புளுக்கும் நடுவில் குறியின் இரண்டு பக்கமும். தோலுக்கடியில் வழுக்கிக்கொண்டு ஓடும் சின்ன உருண்டை தட்டுப்பட்டால் வெளியேதான் தங்கியிருக்கிறது, அறுவை சுலபம். தட்டுப்படாவிட்டால் வயிற்று ஸ்கேன். பிறகு இரண்டு விதையையுமே எடுத்துவிட வேண்டும். "கெட்டதை மட்டும் எடுத்துவிட்டு நல்லதை விட்டுவிடலாமே" என்று கேட்பீர்கள். நல்லது இருக்கும் வரை அது குட்டி கொடுக்கும், குட்டியோடு குறையும் போகும்.

அதை நாளைக்கே செய்ய வேண்டிய அவசரம் இல்லை. விதையின் ஹார்மோன்தான் எலும்பின் வளர்ச்சி முனைகளை மூடச் சொல்கிறது, முன்கூட்டியே எடுத்துவிட்டால் கால் எலும்பு கூடுதலாக நீளும், மூட்டுக்கு நல்லதில்லை. ஏற்கெனவே நெட்டைக்காலான சிப்பிப்பாறைக்கு அது வேண்டாம். ஒன்றேகால், ஒன்றரை வயதில் செய்யுங்கள், அதைத் தாண்டித் தள்ளிப்போடாதீர்கள். தங்கிய விதையில் கட்டி வருவதற்கு வயது ஆக வேண்டும், அதுவரை காத்திருக்கலாம். மயக்க மருந்து விஷயத்தில் ஒன்றை மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள். கொழுப்பே இல்லாத ஓட்டக்கார நாய்களுக்குப் பழைய தயோபென்டோன் மயக்கம் சீக்கிரம் தெளியாது. கிரேஹவுண்டில் நன்கு அறியப்பட்டது இது, உங்கள் நாய்க்கும் அதே உடற்கட்டு. வேறு மருந்து இருக்கிறது. காயடித்த பிறகும் குழாயில் மிச்சமிருக்கும் விந்தணு சில வாரம் தாங்கும், ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் வரை பொட்டைப் பக்கம் விடாதீர்கள்.

காயடித்தால் காவல் போய்விடும் என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்வார்கள். ஊர் சுற்றுவதும், பொட்டை தேடி ஓடுவதும், கடுவனோடு கடுவன் மல்லுக்கு நிற்பதும் குறையும். அந்நியனைக் கண்டு குரைப்பது அதன் சுபாவத்திலும் பழக்கத்திலும் இருப்பது, அது போகாது. பசி மட்டும் கூடும், தீனி அளவைக் கொஞ்சம் குறைத்து ஓட்டத்தைக் கூட்டுங்கள். வயதானால் வரும் ஒரு தொல்லையும் இதனால் மிச்சம். காயடிக்காத கடுவன்களில் பாதிக்கு மேல் ஐந்து வயதைத் தாண்டும்போது புராஸ்டேட் வீங்கத் தொடங்கிவிடும், முக்கி முக்கி வெளிக்குப் போகும், நுனியில் ரத்தம் சொட்டும். உங்கள் நாய்க்கு அது வராது.

கடைசியாக, குட்டி கொடுத்தவரிடம் இந்த ஒத்தை விதை விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். சண்டைக்காக இல்லை. அதே அப்பனையும் தாயையும் அவர் மறுபடி சேர்க்கக் கூடாது. காலைத் தூக்கி மூத்திரம் போகிற அந்த அண்ணன் கடுவனுக்கு இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் இருந்தாலும் குறையைச் சுமந்துகொண்டிருக்கலாம், அதையும் சேர்க்கைக்கு விடாமலிருப்பது நல்லது. உங்கள் நாயின் கூடப்பிறந்த பொட்டைகள் யார் வீட்டுக்குப் போயின என்று கேட்டு வையுங்கள். அவற்றிடம் பார்த்துக் கண்டுபிடிக்க ஒன்றுமே இருக்காது, அதனால் நீங்கள் சொன்னால்தான் அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்.